அப்துல் கலாமும் அணு மின்சாரமும்: ராமேஸ்வரத்துக்காரர் கூடங்குளத்துக்கு ஏன் போனார்?

அப்துல் கலாம் என்றதும் பலருக்கும் ராக்கெட், ஏவுகணை, பொக்ரான், குடியரசுத் தலைவர் மாளிகை, பள்ளிக் குழந்தைகள் என்று வரிசையாக நினைவுக்கு வரும். அவர் வாழ்க்கையில் அதிகம் விவாதிக்கப்பட்ட ஒரு நாள் இந்தப் பட்டியலில் வராது. அது 2011 நவம்பர் 6. அன்றுதான் கலாம் கூடங்குளம் அணு மின் நிலையத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அது பாதுகாப்பானது என்று அறிவித்தார். சில கிலோமீட்டர் தூரத்தில் இடிந்தகரை மீனவர்கள் அதே நிலையத்தை எதிர்த்துப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாடே மதித்த ஒருவர் சொன்ன பிறகும் அந்த மக்கள் ஏன் எழுந்து போகவில்லை? அவரும் கடற்கரையில் பிறந்தவர்தானே? இதைப் புரிந்துகொள்ள கலாமின் வாழ்க்கையை ராமேஸ்வரத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய் விளக்கும் படகும்

1931 அக்டோபர் 15 அன்று ராமேஸ்வரத்தில் பிறந்தார் கலாம். அப்பா ஜைனுலாப்தீன் பள்ளிவாசல் இமாம், படகும் வைத்திருந்தார். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களை தனுஷ்கோடிக்கு ஏற்றிப்போய்க் கூட்டிவருவது அந்தப் படகின் வேலை. ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது. கடல் சோறும் போடும், இருப்பதைப் பிடுங்கிக்கொண்டும் போகும் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்த விஷயம். பின்னாளில் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்ததையும், ரயிலோடு பயணிகள் கடலுக்குள் போனதையும் இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை.

கலாம் படித்தது மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில். எண்ணெயை அளந்துதான் செலவு செய்வார்கள். பையன் கூடுதல் நேரம் படிக்கட்டும் என்று அம்மா ஆஷியம்மா கொஞ்சம் மிச்சம் பிடித்து வைப்பார். இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போனதால், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கும் வேலையில் உறவினர் சம்சுதீனுக்கு உதவினார். அதுதான் அவருடைய முதல் சம்பாத்தியம்.

அதன்பின் ராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியல். எம்ஐடி கட்டணத்துக்குப் பணம் இல்லாதபோது அக்கா ஜோகரா தன் நகைகளை அடகு வைத்தார். விளக்கெண்ணெயைக்கூட அளந்து ஊற்றிய வீட்டிலிருந்து வந்தவருக்கு மின்சாரம் என்பது வெறும் வசதி அல்ல. பிற்காலத்தில் மின்சாரம் பற்றி அவர் போட்ட பெரிய கணக்குகளை இந்தப் பின்னணியோடுதான் பார்க்கணும்.

கலாம் அணு விஞ்ஞானியா?

இல்லை. பலரும் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள். கலாம் அணு உலை கட்டியவரும் இல்லை, அணு இயற்பியல் ஆய்வு செய்தவரும் இல்லை. அவர் ஒரு விமான, ராக்கெட் பொறியாளர்.

1958-ல் பாதுகாப்புத் துறையில் சேர்ந்தார். 1960-களின் தொடக்கத்தில் விண்வெளித் திட்டத்துக்கு வந்து, தும்பாவில் இந்திய ராக்கெட் பயணம் தொடங்கியதிலிருந்தே உடனிருந்தார். எஸ்எல்வி-3 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1982-ல் டிஆர்டிஓவுக்குத் திரும்பி, ஹைதராபாத்தில் அக்னி, பிருத்வி உள்ளிட்ட ஏவுகணைத் திட்டங்களை நடத்தினார்.

அணுவோடு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது 1998 மே மாதம். மே 11, 13 தேதிகளில் ராஜஸ்தானின் பொக்ரானில் இந்தியா ஐந்து அணு வெடிப்புச் சோதனைகளை நடத்தியது. அணுசக்தித் துறைப் பக்கம் தலைமை தாங்கியவர் ஆர்.சிதம்பரம். டிஆர்டிஓ பக்கம் கலாம். வெடிக்கும் சாதனத்தின் அணு இயற்பியல் ஒரு துறையின் வேலை. அதை ஆயுதமாக்குவதும், களத்தில் ஒருங்கிணைப்பதும் இன்னொரு துறையின் வேலை. கூடங்குளம் விவாதத்தில் போராட்டக்காரர்கள் முன்வைத்த முக்கியமான வாதம் இதுதான்: இவர் அணு உலை நிபுணர் இல்லை, இவர் கொடுக்கும் சான்றிதழ் எப்படிச் செல்லும்?

ஆனால் பாதுகாப்பு என்ற விஷயத்தில் கலாமுக்கு அனுபவமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அவர் அதைக் கற்றுக்கொண்ட இடம் ஸ்ரீஹரிகோட்டா.

1979: ஒரு வால்வு கற்றுக்கொடுத்த பாடம்

1979 ஆகஸ்ட் 10. எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் சோதனை. ஏவுவதற்குச் சில நிமிடங்கள் இருந்தபோது கணினி கவுன்ட்டவுனை நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. கூட இருந்த வல்லுநர்கள் கணக்குப் போட்டு, இருக்கும் இருப்பே போதும் என்றார்கள். திட்டத்தின் தலைவராக இருந்த கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவ முடிவெடுத்தார். முதல் கட்டம் சரியாகப் போனது. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு போய், ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஒரு வால்வு சரியாக மூடாததில் அமிலம் கசிந்து தீர்ந்திருந்தது.

அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்க கலாமை அனுப்பினார். இந்தக் கதையைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகத்தான் சொல்வார்.

இதில் பாதுகாப்புப் பாடம் ஒன்றும் இருக்கிறது. சின்ன உதிரிபாகம் ஒன்று பெரிய திட்டத்தைக் கவிழ்க்கலாம். எச்சரிக்கை வந்த பிறகும், நிபுணர்கள் நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும் தப்பாகக் கணிக்கலாம். ராக்கெட் கடலில் விழுந்தால் அடுத்த வருஷம் இன்னொன்றை ஏவலாம். அணு உலையில் அந்த இரண்டாவது வாய்ப்பு சுலபமாகக் கிடைக்காது. கூடங்குளத்தில் எழுந்த கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்.

ராஷ்டிரபதி மாளிகையிலிருந்து ஒரு மின்சாரக் கணக்கு

2002 ஜூலை 25-ல் கலாம் குடியரசுத் தலைவரானார். 2005 சுதந்திர தின உரையில் எரிசக்தி சுதந்திரம் என்ற இலக்கை முன்வைத்தார். 2030-க்குள் இந்தியாவின் மின் உற்பத்தித் திறன் சுமார் 4 லட்சம் மெகாவாட் ஆக வேண்டும். அதில் 50,000 மெகாவாட் அணு மின்சாரம், 55,000 மெகாவாட் சூரிய மின்சாரம். இதுதான் அவர் போட்ட கணக்கு. அப்போது நாட்டின் மொத்த அணு மின் திறன் 3,000 மெகாவாட் அளவில்தான் இருந்தது.

ஏன் இவ்வளவு பின்தங்கியிருந்தோம்? 1974, 1998 சோதனைகளுக்குப் பிறகு உலக நாடுகள் இந்தியாவுக்கு யுரேனியமும் உலைத் தொழில்நுட்பமும் தர மறுத்தன. இந்தக் கதவைத் திறக்கத்தான் இந்திய அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம் வந்தது. 2008 ஜூலையில் அதை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கியபோது மன்மோகன் சிங் அரசு ஆட்டம் கண்டது. சமாஜ்வாதி தலைவர்கள் கலாமைச் சந்தித்துக் கருத்து கேட்டார்கள். ஒப்பந்தம் நாட்டுக்கு நல்லது என்றார் அவர். அந்தக் கட்சி அரசை ஆதரித்தது. ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-க்கு 256 என்று அரசு தப்பியது. செப்டம்பரில் அணு எரிபொருள் வழங்கும் நாடுகள் குழு இந்தியாவுக்கு விலக்கு தந்தது.

பதவியில் இல்லாதபோதும் கலாமின் ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை இருந்தது. மூன்று வருஷம் கழித்து கூடங்குளத்துக்கு அவர் வந்தபோது பலரும் அதே விளைவைத்தான் எதிர்பார்த்தார்கள்.

கூடங்குளத்தில் என்ன பிரச்சினை?

மன்னார் வளைகுடாவின் வடக்கு முனையில் ராமேஸ்வரம். கரையோரமாகவே தெற்கே போனால், கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் முன்னால் திருநெல்வேலி மாவட்டத்தில் கூடங்குளம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இது. சோவியத் யூனியன் உடைந்ததால் கிடப்பில் போனது. 1998-ல் மறுபடி உயிர் பெற்று, 2002-ல் கட்டுமானம் தொடங்கியது. தலா 1,000 மெகாவாட் திறனில் இரண்டு ரஷ்ய உலைகள்.

எதிர்ப்பு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதை ஊர் முழுக்கப் பரப்பியது இரண்டு சம்பவங்கள். ஒன்று, 2004 டிசம்பர் 26 சுனாமி. கல்பாக்கத்தில் கடல்நீர் அணு மின் நிலையத்தின் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் போயின. இரண்டாவது, 2011 மார்ச் 11 ஃபுகுஷிமா. சுனாமியில் மின்சாரம் போய், குளிரூட்ட முடியாமல் உலைகள் உருகியதை உலகமே டிவியில் பார்த்தது. ஜப்பானிலேயே இப்படி என்றால் நம்ம ஊரில் என்ன ஆகும் என்ற பயம் இயல்பாகவே வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் கூடங்குளம் முதல் உலையில் சோதனை ஓட்டம் நடந்தபோது கேட்ட சத்தம் அந்தப் பயத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது.

செப்டம்பரில் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தில் உண்ணாவிரதம் தொடங்கியது. சுப.உதயகுமார் தலைமையிலான அணு உலைக்கு எதிரான மக்கள் இயக்கம் முன்னால் நின்றது. மக்களின் அச்சம் தீரும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது.

கலாம் சொன்னது என்ன?

இந்த நேரத்தில்தான் 80 வயது கலாம் கூடங்குளம் வந்தார். உலைக் கட்டடத்தைப் பார்த்தார், பொறியாளர்களோடு பேசினார், ஒரு விரிவான அறிக்கையும் வெளியிட்டார். பாதுகாப்பை அவர் நான்காகப் பிரித்தார்.

முதலாவது, அணுப்பிளவுத் தொடர்வினை கட்டுக்குள் இருக்கிறதா என்பது. இரண்டாவது, கதிர்வீச்சு வெளியே வராமல் இருக்கிறதா என்பது. மூன்றாவது, வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு தவறாமல் வேலை செய்யுமா என்பது. நான்காவது, கட்டடம் நிலநடுக்கத்தையும் அலையையும் தாங்குமா என்பது.

இதில் மூன்றாவதுதான் ஃபுகுஷிமாவில் தோற்றது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் இயற்கையான காற்றோட்டத்தில் உலையைக் குளிர்விக்கும் அமைப்பு இருக்கிறது. இரட்டைச் சுவர் கொண்ட கான்கிரீட் கூடு, ஹைட்ரஜன் சேர்ந்து வெடிக்காமல் தடுக்கும் கருவிகள், எரிபொருள் உருகினாலும் அதைப் பிடித்துவைக்க உலைக்கு அடியில் ஒரு அமைப்பு ஆகியவையும் உண்டு. ஃபுகுஷிமா உலைகள் 1970-களில் வந்தவை, கூடங்குளம் அதைவிட ஒரு தலைமுறை புதியது என்ற வாதம் பொறியியல் ரீதியில் சரியானதுதான்.

ஜெர்மனி அணு மின்சாரத்தை விடுகிறதே என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. ஜெர்மனியில் மின்சாரம் இல்லாத வீடு இல்லை, இந்தியாவின் நிலைமை அப்படியில்லை, நம் கடற்கரை மணலில் தோரியம் கொட்டிக்கிடக்கிறது, அதுதான் எதிர்காலம் என்பது அவர் கட்சி. சுற்றுவட்டார ஊர்களுக்கு 200 கோடி ரூபாயில் 10 அம்சத் திட்டத்தையும் பரிந்துரைத்தார். நான்கு வழிச்சாலை, மருத்துவமனை, மீனவர்களுக்கான வசதிகள், இளைஞர்களுக்கு வேலை எல்லாம் அதில் இருந்தன.

மீனவர்கள் கேட்டது என்ன?

கலாம் பதில் சொன்னது, உலை வெடிக்குமா என்ற கேள்விக்கு. இடிந்தகரை கேட்டது அது ஒன்றை மட்டும் இல்லை.

உலையிலிருந்து கடலுக்குத் திரும்பும் தண்ணீரின் சூட்டில் மீன் என்ன ஆகும்? கடல் நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடு இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, சரி, அதைத் தினமும் யார் அளந்து எங்களிடம் சொல்வார்கள்? எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே, எத்தனை வருஷம் வைப்பீர்கள்? ஏதாவது ஆனால் எந்த ரோட்டில், எந்த வண்டியில் வெளியேறுவது? நஷ்டஈடு யார் தருவது, ரஷ்ய நிறுவனமா, நம் அரசா? போபால் விஷவாயு வழக்கை இத்தனை வருஷம் பார்த்த நாட்டில் இதெல்லாம் வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு வருத்தமும் இருந்தது. நிலையத்துக்குள் போன கலாம், அன்று இடிந்தகரைப் பந்தலுக்குப் போகவில்லை. அவர் பொறியாளர்களிடம் கேட்டார், எங்களிடம் கேட்கவில்லை என்பது மீனவர்களின் மனக்குறை. படகை நம்பிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் அந்தக் குறை இன்னும் ஆழமாகப் பதிந்தது.

அதற்குப் பிறகு என்ன ஆனது?

அந்த நாட்களில் தமிழகத்தில் தினமும் பல மணி நேரம் பவர் கட். தொழிற்சாலைகள் முடங்கின, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். 2012 மார்ச் 19-ல் தமிழக அரசு உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது, 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தையும் அறிவித்தது. செப்டம்பர் 10-ல் கடற்கரையில் கூடியிருந்த மக்கள்மீது தடியடி, கண்ணீர்ப்புகை. அன்று தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். ஆயிரக்கணக்கானோர்மீது வழக்குகள் பதிவாயின, தேசத்துரோகப் பிரிவு உட்பட.

அதே 2012-ல் மத்திய தணிக்கைத் துறை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று குறை சொன்னது. அதற்குப் பதிலாகத் தனி ஆணையம் அமைக்க 2011-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 2013-ல் முதல் உலையில் நான்கு வால்வுகள் தரத்தில் குறைவாக இருப்பது தெரிந்து மாற்றப்பட்டன. உலை இயங்குவதற்கு முன்பே அது பிடிபட்டது, கண்காணிப்பு வேலை செய்தது என்றது ஒரு தரப்பு. இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்றது இன்னொரு தரப்பு.

2013 மே 6-ல் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்தது. கூடவே 15 உத்தரவுகள். கழிவுக்கு நிரந்தர ஏற்பாடு, அவசரகால ஒத்திகை, போராட்டக்காரர்கள்மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி ஆகியவை அதில் அடக்கம். மீனவர்கள் கேட்ட கேள்விகளில் பல, நீதிமன்றத்தின் உத்தரவுகளாகத் திரும்பி வந்தன.

2013 அக்டோபரில் முதல் உலையின் மின்சாரம் தொகுப்புக்கு வந்தது. 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்து காலமானார். ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டாவது உலை இயங்கத் தொடங்கியது அதற்கு அடுத்த வருஷம்.

கலாமின் கணக்கு இன்று எங்கே நிற்கிறது?

அவர் சொன்ன 2030 நெருங்கிவிட்டது. மொத்த மின் திறனில் இந்தியா அவர் சொன்ன 4 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரம் 2025 தொடக்கத்திலேயே 1 லட்சம் மெகாவாட்டைக் கடந்தது, அதாவது அவர் கேட்டதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அணு மின்சாரம் மட்டும் 10,000 மெகாவாட்டுக்குக் கீழேயே நின்றது. அவருடைய சொந்த மாவட்டமான ராமநாதபுரத்தின் கமுதியில், அவர் மறைந்த அடுத்த வருஷமே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. ராமநாதபுரத்து வெயில் இப்போது கரன்ட் ஆகிறது.

ஆனால் சூரியன் சாயங்காலம் போய்விடும், காற்றாலை சீசனை நம்பி இருக்கும். ராத்திரி பகல் பாராமல் ஓடும் மின்சாரம் வேண்டும் என்ற கலாமின் வாதம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 2047-க்குள் 1 லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்று மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் இலக்கு வைத்தது. கூடங்குளத்தில் மேலும் நான்கு உலைகள் எழும்புகின்றன.

கலாம் பட்டியலிட்ட நான்கு பாதுகாப்பும் கான்கிரீட், குழாய், வால்வு, கணக்கு சம்பந்தப்பட்டவை. அவற்றை நிபுணர்கள் சோதிக்க முடியும். கழிவு எங்கே போகிறது, தண்ணீரின் சூடு எவ்வளவு, விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்று பக்கத்து ஊர்க்காரருக்குச் சொல்வதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதுதான் இடிந்தகரையின் கோரிக்கை. அடுத்த நான்கு உலைகள் ஓடத் தொடங்குவதற்கு முன் அரசு பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.